கிடந்த லான்ட்மாஸ்ரரை மீண்டும் ஓட வைத்தல்

1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு 2010இன் பின் காணிகள் துண்டு துண்டாகவே விடப்பட்டன. இன்னும் காத்திருப்போர் உண்டு. திரும்பிப் போனவர்களுட் சிலர், பற்றைக்குள்ளோ உறவினர் வளவிலோ துருப்பிடித்துக் கிடக்கும் பழைய லான்ட்மாஸ்ரரைக் காட்டி, "சுவாமி, இதைத் திருத்தலாமோ, இரும்புக்குப் போடுவமோ?" என்று எம்மிடம் கேட்கின்றனர். புதியதைக் கடனுக்கு எடுத்துத் தவணை கட்ட முடியாமற் போனவர்களையும் நாம் அறிவோம். ஆகவே இக்கேள்விக்குப் பொறுப்புடன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை. பற்றைக்குள் கிடப்பதைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சில்லுக்குக் கீழும் பெட்டிக்குள்ளும் வெடிபொருள் கிடக்கலாம். சந்தேகமான எதையும் தொடாமல் அறிவியுங்கள்.

லான்ட்மாஸ்ரர் என்பது உண்மையில் இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் பெயர். பின்னர் யப்பானின் குபோட்டாவும் சீன இயந்திரங்களும் வந்தபோதும் எங்கள் சனம் பெயரை மாற்றவில்லை. இவற்றிற் பெரும்பாலும் இருப்பது தண்ணீரால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இஞ்சின். ஊர்க் கராஜிலேயே கழற்றிப் பூட்டலாம். அதனாலேதான் நெடுங்காலம் கிடந்ததையும் காப்பாற்ற முடிகிறது.

கிடந்த இஞ்சினைக் கண்டவுடன் கைபிடியைப் போட்டுச் சுற்றுவது பலர் விடும் பிழை. பிஸ்டன் வளையங்கள் துருவினால் லைனரோடு ஒட்டியிருக்கும். பலத்தைப் பிரயோகித்தால் வளையம் உடைந்து லைனரையும் கீறிவிடும். சிலிண்டர் படுக்கையாக இருப்பதால் நொசில் துவாரத்தால் விடும் எண்ணெய் கீழ்ப்பக்கத்திலேயே தங்கிவிடும். ஹெட்டைக் கழற்றி, டீசலும் இஞ்சின் ஒயிலும் கலந்து சுற்றிவரத் தடவி, இரண்டு மூன்று நாள் ஊறவிடுவது நல்லது. பிறகு பாரச்சில்லைக் கையால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். அசையாவிட்டால் மீண்டும் ஊறட்டும். சுத்தியலை எடுக்க வேண்டாம்.

இஞ்சின் சுற்றத் தொடங்கியதும் பழைய ஒயிலை வடியுங்கள். பால் தேநீர் நிறமென்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது மழைத்தண்ணீராகவும் இருக்கலாம். புது ஒயில் விட்டு ஓட்டிய பின்னும் அதே நிறமென்றால், லைனரின் இறப்பர் வளையமோ ஹெட் காஸ்கெட்டோ போயிருக்கலாம். அவற்றை மாற்றுவது பெரிய செலவல்ல. புளொக் வெடித்திருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். வார்ப்பிரும்பை ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள். சூட்டில் மறுபடி வெடிக்கக்கூடும். தேய்ந்த லைனர் அப்படியன்று. பிஸ்டன், வளையம், லைனர் மூன்றையும் ஒரு செற்றாக மாற்றலாம்.

1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரமென்றால் டீசல் பம்பையும் நொசிலையும் கட்டாயம் பரிசோதிப்பியுங்கள். டீசலில் உள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெயில் இல்லை; பம்பின் உட்பகுதி அதனால் தேய்ந்திருக்கும். டீசல் தாங்கியைக் கழுவி, வடியைப் புதிதாகப் போட்டு, குழாயிலுள்ள காற்றையும் எடுத்துவிடுங்கள். காற்று வடியிற் செம்மண் தூசி அடைந்திருந்தால் புது லைனரும் நெடுநாள் நில்லாது. குளிர்விக்கும் தண்ணீருக்கு மழைநீரைச் சேர்த்து வையுங்கள். எங்கள் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. கேத்திலில் படிவதுபோல இஞ்சினுக்குள்ளும் படியும்.

கையிலுள்ள காசை எதில் முதலிற் போடுவது? பெட்டியின் பிரேக், கொழுவும் ஊசி, ரயர். இவை மூன்றுக்கும் பிறகே மற்றவை. நாமும் ஒருமுறை வர்ணத்தை முதலிற் பூசி, அழகான வண்டியை ஆறு மாதம் கொட்டிலில் நிறுத்தி வைத்தோம்! மடுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பெட்டிதான் இது என்பதை மறக்கலாகாது.

புதிதாக ஓட்டப் பழகும் இளைஞருக்கு ஒன்று: பாரத்தோடு குளக்கட்டில் இறங்கும்போது வலக்கைக் கிளச்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். பாரம் பின்னால் தள்ள, விடுபட்ட சில்லு வேகமாக ஓடுவதே காரணம். இறக்கத்துக்கு முன்னரே கியரைக் குறைத்து, பெட்டிப் பிரேக்கில் காலை வையுங்கள்.

பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் பொலிசில் முறையிட்டு, அப்பிரதியுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். இஞ்சின் இலக்கத்தைத் துரு சுரண்டி எழுதி வையுங்கள். முதல் நாள் பெட்டியில்லாமல் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறியபின் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கி, அடுத்த நாள் வெறும் பெட்டியைக் கொழுவி பிரேக்கைப் பாருங்கள்.