கடல் சுமந்து நிற்கும் வெப்பம்

காலநிலை மாற்றம் என்றதும் நம்மில் பெரும்பாலானோர் நினைத்துக்கொள்வது வானத்தையே. வெயிலின் கடுமை, பருவம் தவறிய மழை, நீண்ட வரட்சி ஆகியனவே நமது பேச்சில் இடம்பெறுகின்றன. ஆனால், மனித நடவடிக்கைகளின் விளைவாகப் பூமியில் சேர்ந்துள்ள மேலதிக வெப்பத்தில் காற்றில் தங்கியிருப்பது ஏறத்தாழ 1 வீதம் மாத்திரமே. 90 வீதத்துக்கும் அதிகமான பங்கு கடலுக்குள் சென்றுவிட்டது. எஞ்சிய சிறு பகுதியே நிலத்தைச் சூடாக்குவதிலும் பனியை உருக்குவதிலும் செலவாகியுள்ளது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழும் நாம் இந்தக் கணக்கை விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

சூரிய ஒளியால் சூடேறும் பூமி, அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகின்றது. வளிமண்டலத்திலுள்ள நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற வாயுக்கள் அக்கதிர்களில் ஒரு பகுதியை உறிஞ்சி மீண்டும் பூமியை நோக்கி அனுப்புகின்றன. இதனை ஜோன் டின்டால் என்ற விஞ்ஞானி 1859 ஆம் ஆண்டிலேயே ஆய்வுகூடத்தில் நிரூபித்தார். காபனீரொட்சைட்டு அதிகரித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்பதை சுவீடனைச் சேர்ந்த அரேனியஸ் 1896 இல் கணித்துக் காட்டினார். எனவே இது நேற்று இன்று தோன்றிய கருத்தல்ல. கைத்தொழில் புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, ஹவாய்த் தீவின் மவுனா லோவாவில் தொடர் அளவீடுகள் ஆரம்பமான 1958 இல் சுமார் 315 ஆக இருந்தது. இன்று அது 420 ஐத் தாண்டிவிட்டது.

இவ்வாறு சிறைப்படும் வெப்பத்தைக் கடல் ஏன் இவ்வளவு பெரிதாக உள்வாங்குகின்றது? வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் நொடிப்பொழுதில் சூடேறிவிடும். நீர் நிறைந்த பாத்திரம் சூடேற நெடுநேரம் ஆகும். நீருக்கு வெப்பத்தைத் தேக்கிவைக்கும் ஆற்றல் அதிகம் என்பதே காரணம். கடலின் மேற்பரப்பில் சுமார் 3 மீற்றர் ஆழத்துக்கு உள்ள நீர் மாத்திரமே முழு வளிமண்டலத்துக்கும் நிகரான வெப்பத்தைத் தாங்கவல்லது. கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீற்றர். அலைகளும் நீரோட்டங்களும் வெப்பத்தை மேலிருந்து கீழே கொண்டு செல்கின்றன. கடல் இந்தச் சுமையை ஏற்காதிருந்தால் காற்றின் வெப்பநிலை நாம் காண்பதைவிடப் பன்மடங்கு வேகமாக உயர்ந்திருக்கும்.

இது ஊகமல்ல என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த 'சலஞ்சர்' என்ற பிரித்தானியக் கப்பல் ஆழ்கடலின் வெப்பநிலையை முறையாக அளந்தது. 2000 ஆம் ஆண்டளவில் ஆரம்பிக்கப்பட்ட 'ஆர்கோ' திட்டத்தின் கீழ் இன்று ஏறத்தாழ 4,000 மிதவைக் கருவிகள் உலகக் கடல்களில் மிதக்கின்றன. இவை பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வழிநெடுக அளந்த வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் செய்மதி மூலம் அறிவிக்கின்றன.

கடலுக்குள் சென்ற வெப்பம் அங்கே அடங்கிக் கிடப்பதில்லை. அதன் முதலாவது விளைவு கடல் மட்டம் உயர்வதாகும். சூடேறும் நீர் விரிவடைகின்றது. 1901 முதல் 2018 வரையான காலத்தில் உலகின் கடல் மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. 1971 இன் பின்னரான உயர்வில் ஏறக்குறைய பாதி இந்த விரிவினால் ஏற்பட்டது. மிகுதி பெரும்பாலும் நிலத்தின் மீதுள்ள பனி உருகியதால் வந்தது. கடலில் மிதக்கும் பனி உருகுவதால் நீர்மட்டம் குறிப்பிடத்தக்களவு உயர்வதில்லை; குவளையில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர் வழிவதில்லை அல்லவா? ஆனால் கிறீன்லாந்தின் நிலப்பனி முழுவதும் உருகுமாயின் கடல் மட்டம் சுமார் 7 மீற்றர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் செல்லும் என்றாலும் அவ்வுருகல் ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது.

2006 முதல் 2018 வரை கடல் மட்டம் ஆண்டொன்றுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் உயர்ந்தது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமையை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு கருதமாட்டார்கள். வற்றாத ஆறுகள் எதுவுமற்ற குடாநாடு, சுண்ணாம்புக் கற்பாறைகளுக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கின்றது. அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலமாகும். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுவான கணக்கு. எனவே கிணற்றின் நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் அடியிலிருந்து உவர்நீர் பெருமளவு மேலேறும். அளவுக்கு மீறி நீரை இறைப்பதே இன்று இதற்குப் பிரதான காரணம். உயர்ந்துவரும் கடல் அந்த ஆபத்தை மேலும் கூட்டுகின்றது.

இரண்டாவது விளைவு மழையும் புயலும் சார்ந்தது. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயரும்போது காற்று சுமார் 7 வீதம் அதிகமான நீராவியைத் தாங்கக்கூடியதாகின்றது. சூறாவளிக்கு வேண்டிய சக்தியும் வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்தே கிடைக்கின்றது. இந்து சமுத்திரத்தின் வடபுறத்தை ஆசிய நிலப்பரப்பு அடைத்து நிற்பதால், மற்றைய சமுத்திரங்களைப் போல அதன் வெப்பம் வடதுருவத்தை நோக்கிச் செல்ல வழியில்லை. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா' சூறாவளியின் பெருமழையும் வெள்ளமும் மண்சரிவுகளும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டன. ஒரு தனிப் புயல் காலநிலை மாற்றத்தினால் மாத்திரமே உருவானது என்று கூறுவது விஞ்ஞானத்துக்கு உகந்ததல்ல. புயல்கள் முன்னரும் தோன்றின. ஆனால் சூடேறிய கடலின் மீது தோன்றும் புயல் அதிக மழையைச் சுமந்து வரும் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது விளைவு கடல்வாழ் உயிரினங்களைப் பற்றியது. நாம் ஆண்டுதோறும் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் கரைத்துக்கொள்கின்றது. அது நீருடன் சேர்ந்து மென்மையான ஓர் அமிலமாகின்றது. கைத்தொழில் புரட்சியின் பின்னர் கடல் மேற்பரப்பு நீரின் அமிலத்தன்மை 30 வீதமளவில் கூடியுள்ளது. இதனால் சிப்பிகளும் முருகைக்கற் பூச்சிகளும் தமது ஓடுகளையும் கூடுகளையும் கட்டுவது கடினமாகின்றது. நீரின் வெப்பம் எல்லை மீறும்போது முருகைக்கற்கள் நிறமிழந்து வெளிறி மடிகின்றன. 1998 இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைப் பாறைகளிலும் இத்தகைய பேரழிவு நேர்ந்தது. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. முருகைப் பாறைகள் மீன்களின் இனப்பெருக்கத் தளம் மட்டுமன்றி, கரையை மோதும் அலைகளின் வேகத்தைத் தணிக்கும் இயற்கை அரணுமாகும்.

கடல் மெதுவாகவே சூடேறும். சூடேறியபின் மெதுவாகவே ஆறும். உலகம் நாளையே எரிபொருள் புகையை முற்றாக நிறுத்தினால் காற்றின் வெப்பநிலை உயர்வு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் ஆழ்கடலுக்குள் சென்ற வெப்பத்தினால் கடல் மட்டம் நூற்றாண்டுகளுக்கு உயர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு உயரும், எவ்வளவு வேகமாக உயரும் என்பதே இன்றைய தலைமுறையின் கைகளில் உள்ளது.

உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் இலங்கையின் பங்கு 0.1 வீதத்தையும் எட்டாது. வெப்பத்தைப் பெருக்கியவர்கள் வேறு, விலை கொடுப்பவர்கள் வேறு என்ற இந்த அநீதியைச் சர்வதேச அரங்குகளில் நாம் உரத்துக் கூறவேண்டும். அதேவேளை, நமது கையில் உள்ளவற்றைச் செய்யத் தவறிவிட்டு பிறரைக் குறைகூறிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கண்டற் காடுகளையும் முருகைப் பாறைகளையும் அழிவிலிருந்து காப்பதற்கும், குடாநாட்டில் நீர் இறைப்பை ஒழுங்குபடுத்துவதற்கும், கரையோரக் கட்டடங்களுக்கு நாளைய கடல் மட்டத்தைக் கருத்திற்கொண்டு அனுமதி வழங்குவதற்கும் வெளிநாட்டு உதவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. புயல், வெள்ள எச்சரிக்கைகள் மக்களின் மொழியில், உரிய நேரத்தில் கடைக்கோடிக் கிராமத்தையும் சென்றடைய வேண்டும். கடல் சேர்த்துவரும் வெப்பம் நாள்தோறும் அளக்கப்பட்டு அறிவிக்கப்படுகின்றது. ஆகவே அடுத்த அனர்த்தத்தின்போது, எதிர்பாராதது நடந்துவிட்டதென ஆட்சியாளர்கள் கூறுவார்களாயின் அதனை ஏற்றுக்கொள்ள முடியாது.