காமிராப் பெட்டியும் பருவமழையும்

களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் காமிரா இன்று குறிப்பேட்டைப் போலவே இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஆனால் குறிப்பேடு நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம். லென்ஸில் பூசணம் பற்றிவிட்டாலோ அது பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆகவே, காமிராவைக் கையாளும் முறையை அறிவதோடு, அதை எதில் வைத்து எவ்வாறு எடுத்துச் செல்வது என்பதையும் ஆராய்தல் அவசியமாகும்.

மும்பை நகரத்தை உதாரணமாகக் கொள்வோம். செம்பூரில் வசிக்கும் ஆசிரியர் ஒருவர், தாராவியிலுள்ள கும்பார்வாடாவுக்குச் சென்று, சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் சூளையைத் தம் மாணவர்களுக்காகப் படமெடுக்க விரும்புகிறார். காமிரா, மூன்று லென்ஸுகள், ஒளிவிளக்கு, முக்காலி, மின்கலங்கள் யாவும் சேர்ந்து 8 முதல் 10 கிலோகிராம் வரை எடை வரும். இப்பாரத்தைத் தோளில் சுமப்பதைவிடச் சக்கரம் வைத்த பெட்டியில் இழுத்துச் செல்லலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பே.

சக்கரத்தின் இயல்பு

சக்கரப் பெட்டி விமானப் பிரயாணத்தின் தேவையால் பிறந்தது. அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ 1970-ல் இதனை வகுத்து, 1972-ல் காப்புரிமை பெற்றார். நீளும் கைப்பிடியும் இரு சக்கரங்களும் உடைய நிமிர்ந்த பெட்டியை 1987-ல் அமைத்தவர் ராபர்ட் பிளாத் என்னும் விமானி. விமான நிலையத்தின் வழவழப்பான தளமே இப்பெட்டிக்கு உரிய களம். அங்கே சிறு விசையே போதுமானது. சிறிதளவு மேடுபள்ளம் வந்தாலும் நிலைமை மாறிவிடுகிறது.

சக்கரத்தின் அச்சில் கிடைமட்டமாக இழுப்பதாகக் கொண்டு கணக்கிடுவோம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 1 சென்டிமீட்டர் உயரமுள்ள விளிம்பில் ஏறுவதற்கு, அதன்மேல் அமர்ந்த பாரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு விசை வேண்டும். சக்கரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர் ஆனால், அதே விளிம்பில் ஏற முக்கால் மடங்கு விசை போதும். விளிம்பின் உயரம் சக்கரத்தின் ஆரத்தை எட்டிவிட்டாலோ, எவ்வளவு பலமாகக் கிடைமட்டமாக இழுத்தாலும் சக்கரம் ஏறாது. பெட்டியைத் தூக்கியே ஆகவேண்டும்.

நம் ஆசிரியரின் வழியில் இத்தகைய விளிம்புகள் பல. செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கவேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் படிக்கட்டுகள் உண்டு. வண்டியிலோ ஜன நெருக்கம். நடைபாதையில் பதித்த சிமெண்டுக் கட்டிகளின் இடைவெளிகள் சிறு சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும். அந்த அதிர்வு லென்ஸின் திருகாணிகளையும் தளர்த்தும். கும்பார்வாடாவின் சந்துகளில் பெட்டியை உருட்ட இடமே இராது. மேலும், மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் போன்ற தாழ்ந்த இடங்களில் பெருமழை நாட்களில் தண்ணீர் தேங்குவதை அங்குள்ள தமிழர்கள் நன்கு அறிவர். 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தேங்கிய நீரில் உருட்டப்படும் பெட்டியின் அடிப்பாகம் நீருக்குள்ளேயே செல்கிறது என்பதை மறத்தலாகாது.

ஆகவே பெட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் வழியைத் தேர்ந்து பார்க்கவேண்டும். பெரும்பகுதி சமதளமாயின் சக்கரப் பெட்டி நன்று. படிகளும் சந்துகளும் மிகுதியாயின், முதுகில் மாட்டும் பட்டைகளும் உடைய சக்கரப் பெட்டியையோ, சக்கரமற்ற முதுகுப் பையையோ நாடுதல் வேண்டும். சக்கரமும் உலோகக் கைப்பிடியும் தாமே சில கிலோகிராம் எடை உடையவை. பெட்டியைத் தூக்கும்போது அவற்றையும் சேர்த்தே தூக்குகிறோம்.

பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர்

இனி, அதிர்ச்சியைவிடக் கொடிய பகையாகிய ஈரத்தைக் கவனிப்போம். இதில் என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. ஓர் ஆண்டு ஜூன் மாதத்தில் லென்ஸ் ஒன்றைப் பழைய வேட்டித் துண்டில் பத்திரமாகச் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில் வைத்து மூடினேன். மழைநீர் ஒரு துளியும் உள்ளே புகவில்லை. தீபாவளிச் சமயத்தில் எடுத்துப் பார்த்தபோது, கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி நூலைப்போல் வெண்மையான இழைகள் படர்ந்திருந்தன. பூசணம் சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டபடியால், துடைத்த பின்னும் தடம் மறையவில்லை. நீர் புகாத பெட்டிக்குள் இந்த ஈரம் எவ்வாறு வந்தது?

கணக்கு இதனை விளக்கும். 30 டிகிரி சென்டிகிரேட் வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 26 கிராம் நீராவி உண்டு. 40 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியில் அடைபட்ட காற்றில் இருப்பது சுமார் 1 கிராம் மட்டுமே. ஆனால் அதே காற்றில் தொங்கிய 100 கிராம் பருத்தித் துணி, தொட்டுப் பார்த்தால் உலர்ந்தே தோன்றினும், ஏறத்தாழ 10 கிராம் நீரைத் தன்னுள் கொண்டிருக்கும். அதாவது, காற்றிலுள்ளதைப்போல் பத்து மடங்கு நீரை, பாதுகாப்புக்காகச் சுற்றிய துணியின் மூலம் நானே உள்ளே வைத்துப் பூட்டினேன்! ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூசணம் செழிக்கும். 40 முதல் 50 சதவீதம் வரை லென்ஸுக்கு உகந்தது.

அட்டையும் காகிதமும் தோலும் பருத்தியைப் போன்றே ஈரம் பற்றுபவை. தாராவியின் தோல் தொழிலை வளர்த்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்களும் உண்டு. அங்கே இன்றும் நல்ல தோல் பைகள் கிடைக்கின்றன. எனினும், வெளியே சென்றுவரத் தோல் பை தக்கதேயன்றி, மழைக்காலத்தில் லென்ஸை அதனுள் மாதக்கணக்கில் வைத்தல் தகாது. உள்ளே மெத்தையாக வைக்கச் செயற்கை நுரைப் பொருளே ஏற்றது.

அடுக்கும் முறை

முதலில் பெட்டியைத் திறந்து, மின்விசிறியின் கீழ் நன்கு உலரவிட வேண்டும். கனமான பொருள்களைச் சக்கரத்தின் பக்கமாகவும், அடிக்கடி எடுப்பவற்றை மேலாகவும் வைக்கவேண்டும். கனத்த நீண்ட லென்ஸைக் காமிராவிலிருந்து கழற்றித் தனி அறையில் வைத்தல் நலம். மூடிய பெட்டியை மெல்ல அசைத்தால் உள்ளே எதுவும் நகரலாகாது. நனைந்த குடையும் மழைக்கோட்டும் பெட்டிக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

சிலிக்கா ஜெல், நடுத்தர ஈரப்பதத்தில், தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீரை ஏற்கும். எனவே 100 கிராம் ஜெல் அடைபட்ட காற்றை எளிதில் உலர்த்தும். ஆனால் 50 கிராம் தண்ணீர் ஊறிய துணி ஒன்று உள்ளே இருப்பின், அது தோற்றுவிடும். ஜெல்லின் நிறம் மாறியதும், தயாரிப்பாளர் கூறிய வெப்பத்தில் சூடாக்கி மறுபடியும் பயன்படுத்தலாம்.

குளிர்சாதன அறையிலிருந்து புறப்படுவோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். மேற்கூறிய மழைக்காலக் காற்றில், 27 டிகிரிக்கும் குறைந்த வெப்பமுள்ள கண்ணாடியின்மேல் பனி படியும். ஆகவே வெளியே வந்தவுடன் பெட்டியைத் திறவாமல், அரைமணி முதல் ஒரு மணி நேரம்வரை பொறுத்திருத்தல் வேண்டும். விமானத்தில் செல்வோர் உபரி லித்தியம் மின்கலங்களை முனைகளை மூடிக் கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தல் விதிக்குப் புறம்பானது.

வீடு திரும்பியதும் பெட்டியை அப்படியே மூலையில் வைத்துவிடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. சக்கரங்களைத் துடைத்து, யாவற்றையும் வெளியே எடுத்து, பெட்டியை ஓர் இரவு திறந்தே வைக்கவேண்டும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையைப் பள்ளித் தராசைக் கொண்டே மாணவர்களுக்குக் காட்டலாம். பருத்தித் துணி ஒன்றை இஸ்திரிப் பெட்டியால் நன்கு சூடாக்கி உடனே நிறுத்துக. மழை நாளில் ஒரு மணி நேரம் காற்றாடத் தொங்கவிட்டு மறுபடியும் நிறுத்துக. கைக்குப் புலப்படாத ஈரத்தைத் தராசு காட்டிவிடும். அதைக் கண்ட மாணவன் லென்ஸைத் துணியில் சுற்றி வைக்கமாட்டான்.