கால்நடை உதவியாளர் பணியும் தானியங்கிக் கருவிகளும்

யந்திரம் வந்தால் ஆளுக்கு வேலை போய்விடும் என்னும் அச்சம் நம் நெசவாளர் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. அதே கேள்வி இப்போது மாட்டுத் தொழுவத்திலும் எழுந்துள்ளது. 2013-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க நாட்டு வேலைகளில் நூற்றுக்கு 47 யந்திரமயமாகும் அபாயத்தில் உள்ளன என மதிப்பிட்டனர். அப்பட்டியலில் கால்நடை மருத்துவரின் பணி அபாயம் குறைந்த வரிசையிலும், அவருடைய உதவியாளரின் பணி அபாயம் மிகுந்த வரிசையிலும் இடம் பெற்றன. இம்மதிப்பீடு அமெரிக்கத் தொழில் விவரங்களைக் கொண்டு செய்யப்பட்டது. இரண்டு மூன்று மாடுகளை வைத்து ஜீவனம் செய்யும் நம் அங்கத்தினர் விஷயத்தில் அது எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வது அவசியம்.

முதலில் உதவியாளரின் பணி இன்னதென அறிவோம். நோயை நிர்ணயித்துச் சிகிச்சை அளிப்பது மருத்துவரின் பொறுப்பு. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, உரிய சான்றிதழ் பெற்று அரசின் அனுமதியுடன் பணி புரியும் உதவியாளர், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி போடுதல், காயத்துக்கு மருந்து கட்டுதல், காயடித்தல் போன்ற சிறு சிகிச்சைகளைச் செய்யலாம். இவற்றோடு காதுவில்லை பொருத்துவதும், பதிவேடு எழுதுவதும், பயிற்சி பெற்றவராயின் சினை ஊசி போடுவதும் அவர் வேலைகளாகின்றன.

இவற்றுள் அங்கத்தினரின் வருமானத்தை நேரடியாகப் பாதிப்பது சினை ஊசியே. பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம். அந்த வேளை தவறினால் மேலும் மூன்று வாரம் தீனிச் செலவு. பால் வருமானமும் அத்தனை நாள் தள்ளிப் போகிறது. உறைவிந்துக் குச்சியோ மைனஸ் 196 டிகிரிக் குளிரில் திரவ நைட்ரஜனில் இருப்பது. அதனை எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, கருப்பைக் கழுத்தைக் கையால் தடவி உணர்ந்து, உரிய இடத்தில் செலுத்த வேண்டும்.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். மாட்டின் கழுத்தில் கட்டும் பட்டை, அதன் நடமாட்டத்தையும் அசைபோடுதலையும் கணக்கிட்டுப் பருவத்தை அறிவிக்கிறது. பாலின் மின்கடத்தும் தன்மையை அளந்து, மடிநோய் வெளிப்படுமுன்பே சந்தேகம் எழுப்பும் கருவிகள் உள்ளன. நெதர்லாந்து நாட்டில் 1992-ஆம் ஆண்டு முதல் பால் கறக்கும் தானியங்கி யந்திரங்கள் பண்ணைகளில் இயங்கி வருகின்றன. நம் நாட்டிலும் காதுவில்லையின் 12 இலக்க எண்ணைக் கொண்டு ஒவ்வொரு மாட்டின் விவரமும் கணினியில் ஏற்றப்படுகிறது.

இவை எதை எடுத்துக்கொள்ளும், எதை விட்டுவைக்கும்? இங்கே தறியின் அனுபவம் நமக்கு உதவும். ஜக்கார்டுப் பெட்டி வருவதற்கு முன், பூவேலைக்குரிய பாவு நூல்களைத் தூக்கிக் கொடுக்கத் தறியருகே ஓர் உதவியாள் வேண்டியிருந்தது. பெட்டி வந்ததும் அந்த வேலை போயிற்று. நெசவாளரின் வேலை போகவில்லை. அறுந்த இழையைக் கண்டு முடிவதற்கும், ஊடையின் நெருக்கத்தைக் கையால் உணர்வதற்கும் அவர் தேவைப்பட்டார். கால்நடை உதவியாளரின் வேலையிலும் இவ்விரு பகுதிகள் உண்டு. எண்ணுதல், எழுதுதல், காத்திருந்து கவனித்தல் ஆகியவற்றைக் கருவி மெல்ல மெல்ல ஏற்கும். மிரளும் மாட்டை அடக்கிப் பிடித்தல், தடவிப் பார்த்து அறிதல், வீட்டுக்காரரின் நம்பிக்கையைப் பெறுதல் ஆகியவை மனிதரிடமே நிற்கும்.

கருவியின் குறைகளையும் மறத்தலாகாது. நடமாட்டத்தை அளக்கும் பட்டை, அவிழ்த்து விட்ட மந்தையில் பயன் தருவதைப் போல, கொட்டகையில் கட்டியே வளர்க்கும் மாட்டிடம் பயன் தருவதில்லை. மேலும், கருவி சந்தேகத்தை மட்டுமே எழுப்பும். வந்து பார்ப்பதற்கு ஆள் வேண்டும். உலகிலிருந்து வெக்கை நோய் ஒழிந்ததென 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்கு ஊர் ஊராய்ச் சென்று தடுப்பூசி போட்ட ஊழியர்களின் கைகள் பெருங்காரணம். 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய கோமாரி, கருச்சிதைவு நோய்த் தடுப்புத் திட்டமும் அத்தகைய கைகளையே நம்பியுள்ளது.

நம் பால் சங்கங்களில் இம்மாறுதல் ஒரு முறை நிகழ்ந்தே இருக்கிறது. முன்னர்க் கந்தக அமிலம் ஊற்றி, குழாய்களைச் சுழலவிட்டுக் கொழுப்பை அளந்த பரிசோதகர், இன்று கொழுப்பையும் இதரச் சத்தையும் ஒரு நிமிடத்துக்குள் காட்டும் மின்கருவியின் முன் நிற்கிறார். கருவியைக் கழுவுவதும், அளவு சரியா என்று ஒத்துப் பார்ப்பதும், ஐயுறும் அங்கத்தினருக்கு விளக்குவதும் இப்போது அவர் கடமைகள். இவற்றைக் கற்றுக் கொடுக்காத சங்கத்தில் கருவி இருந்தும் சச்சரவு தீருவதில்லை.

ஆகவே சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்தல் நலம். முதலாவது, கருவி வாங்கத் தீர்மானிக்கும்போதே அதனை இயக்கும் பயிற்சியை உதவியாளருக்கு அளிக்க வேண்டும். கையால் பார்த்துச் சினையை உறுதி செய்ய ஏறத்தாழ 60 நாட்கள் ஆகும். கையடக்க ஸ்கேன் கருவி சுமார் 30 நாட்களிலேயே காட்டும். ஓர் அங்கத்தினரால் இதனை வாங்க இயலாது. பல சங்கங்கள் கூடி வாங்கலாம். இரண்டாவது, ஊதிய முறை. ஊசிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பணியாளருக்கு, கருவியின் உதவியால் ஒரே ஊசியில் சினை பிடித்தால் வருமானம் குறையும். அங்கத்தினரின் லாபம் பணியாளரின் நஷ்டமாகலாகாது. உறுதி செய்யப்பட்ட சினைக்கும் பிறந்த கன்றுக்கும் ஊக்கத் தொகை வழங்கினால் இருவர் நலனும் ஒன்றாகும். மூன்றாவது, மாட்டின் விவரம் கருவி விற்றவரிடம் மட்டும் தங்கிவிடாமல், சங்கத்தின் பதிவேட்டிலும் அங்கத்தினரின் அட்டையிலும் இருக்க வேண்டும்.

எழுத்து வேலையை மட்டும் கற்ற உதவியாளருக்கு எதிர்காலம் நெருக்கடியானதே. கைத்திறனுடன் கருவியையும் கற்றவரை எந்தச் சங்கமும் இழக்க விரும்பாது. அவரை அவ்வாறு ஆக்கும் பொறுப்பில் பெரும்பகுதி சங்கத்தினுடையது. வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் கருவிக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வருமாயின், பயிற்சிக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா என்று அங்கத்தினர்கள் எழுந்து கேட்பார்களாக.