ஒரு தாள் துண்டின் பாரம்

குருநகர்க் கரையில் வள்ளத்திலிருந்து குதித்தவர்களுக்குத் தெரியும்: ஆள் முன்னால் பாய, வள்ளம் பின்னால் விலகும். ரொக்கெட்டின் சூத்திரமும் அவ்வளவுதான். வீசும் வேகம் கூடினால், வீசவேண்டிய பொருள் குறையும்.

எரிபொருளை எரித்தால் வாயு செக்கனுக்கு மூன்று, நான்கு கிலோமீற்றர் வேகத்தில் பாயும். அயன் இயந்திரம் எதையும் எரிப்பதில்லை. செனன் அணுக்களிலிருந்து இலத்திரனைக் கழற்றி, மிஞ்சும் அயன்களை மின்புலத்தால் இழுத்து, செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்தில் எறிகிறது. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வரும். இலங்கைக்கும் பங்குள்ள தெற்காசியச் செய்மதி 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டபோது இப்படி மின்சாரத்தால் தள்ளும் உந்துகையையும் கொண்டுபோனது.

தள்ளும் பலம்தான் சிரிப்பூட்டும். யப்பானின் ஹயபுசா கலத்தில் ஓர் இயந்திரம் தந்தது 8 மில்லிநியூட்டன். ஏ4 தாளை ஆறாகக் கிழித்து ஒரு துண்டை உள்ளங்கையில் வையுங்கள், அந்தப் பாரம்தான். இதை நம்பி நிலத்தைவிட்டு எழும்ப முடியாது. காற்றின் தடையில்லாத வெளியில் மாதக்கணக்காகத் தள்ளினால் கதை வேறு.

2003 மே 9 அன்று புறப்பட்ட ஹயபுசாவின் எடை 510 கிலோ. துகள்களை எடுத்துவர, இதோகாவா என்ற சிறுகோளில் 2005 நவம்பரில் இறங்கியது. பிறகு எல்லாம் சோதனை. இரசாயன எரிபொருள் கசிந்து தீர்ந்தது. ஏழு வாரம் தொடர்பே இல்லை. கலத்தைத் திருப்பி நிறுத்தவும் செனனையே ஊதவேண்டி வந்தது.

2009 நவம்பரில் அயன் இயந்திரங்களும் கைவிடத் தொடங்கின. அயனை மட்டும் வீசினால் கலத்தில் எதிரேற்றம் தேங்கி, போன அயனையே திரும்ப இழுக்கும். அதனால் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இலத்திரன் கக்கும் துணைக்கருவி உண்டு. ‘பி’ என்ற இயந்திரத்தில் அது பழுது. ஆரம்பத்திலேயே ஒதுக்கப்பட்ட ‘ஏ’யில் அது மட்டும் புதிதுபோல இருந்தது. அங்கிருந்து இலத்திரனும் இங்கிருந்து அயனுமாக இரண்டையும் இணைத்து ஓட்டினார்கள். முடிந்ததற்குக் காரணம், அயன் இயந்திரங்களை உருவாக்கிய குனினாகா ஹிதோஷியின் குழு, கலம் புறப்படுமுன்பே சுற்றில் போட்டு வைத்த ஓர் இருவாயி. நம் உயர்தரப் பிள்ளைகள் பௌதிகவியல் பாடத்தில் வரைகிற அதே இருவாயி!

மூன்று ஆண்டு தாமதமாக, 2010 யூன் 13 இரவு, அவுஸ்திரேலியாவின் வூமெரா வானில் கலம் எரிந்து சிதறியது. பேழை மட்டும் பரசூட்டில் இறங்கியது. உள்ளே இதோகாவாவின் துகள்கள் 1,500க்கு மேல். பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாத தூசி.