பிள்ளையின் பெயரும் நாம் சூட்டும் பட்டமும்





மன்னாரிலிருந்து தெற்கே சிலாவத்துறைப் பக்கம் பயணம் செய்பவர்கள் வங்காலையைக் கடந்து செல்வர். அது கத்தோலிக்க மக்கள் வாழும் கடற்கரை ஊர். அதற்கு அப்பால் முசலிப் பிரதேசத்தின் முஸ்லிம் கிராமங்கள் இருக்கின்றன. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் உள்ளன. மார்க்கத்தால் வேறுபட்ட இவ்வூர்கள் யாவும் நன்கு அறிந்த ஒரு சொல் உண்டு. ‘அகதி’ என்பதே அச்சொல்.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசல்களை இழந்தனர். அவர்களுள் மன்னார் மாவட்டத்தவரே அதிகம். பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்து மக்கள் சோறு சமைத்துக் கொடுத்தும், பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டும் அவர்களை வரவேற்றனர். அந்த உபகாரத்தை மறப்பது நன்றிகேடாகும். ஆயினும் நாட்கள் ஆண்டுகளாயின. காணி, குடிநீர், தொழில், பாடசாலை இடம் என அனைத்தையும் பகிர வேண்டியதாயிற்று, மனங்களும் இறுகின. நிவாரணப் பதிவில் ஒரு நிலைமையைக் குறித்த சொல், தெருவிலும் வகுப்பறையிலும் ஒரு பிள்ளையின் பெயராக மாறியது. ஓலைக் கொட்டிலில் பிறந்து, இடம்பெயர்ந்த நாளையே காணாத பிள்ளைக்கும் அதே பெயர்தான். அழைத்த பிள்ளையும் கலிமாச் சொன்ன பிள்ளை, அழைக்கப்பட்ட பிள்ளையும் கலிமாச் சொன்ன பிள்ளை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வங்காலை முதலிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்களுக்கும் இச்சொல் புதிதன்று. யுத்த காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் சென்று, மண்டபம் முகாமில் பதிவாகின. 2006 இலும் அவ்வாறு சென்றனர். 2021 இல்தான் தமிழ்நாட்டு அரசு அம்முகாம்களின் பெயரிலிருந்து ‘அகதி’ என்ற சொல்லை நீக்கி, ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. ஒரு சொல் மனிதனை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்பதை ஓர் அரசே ஒப்புக்கொள்ள அத்தனை ஆண்டுகள் சென்றன.

இவற்றையெல்லாம் பழைய கதையாகக் கூறவில்லை. 2009 இல் யுத்தம் முடிந்தபின் நம்மவர்கள் படிப்படியாகத் திரும்பினர். இன்று நம் ஊர்ப் பாடசாலையில் புதிதாகச் சேரும் பிள்ளை யார்? புத்தளத்தில் வளர்ந்து, அவ்வூர்ப் பேச்சோடு வரும் பிள்ளை. தாய் வெளிநாட்டில் பணிபுரிய, மூத்தம்மாவோடு வளரும் பிள்ளை. திக்கித் திக்கிப் பேசும் பிள்ளை, காது மந்தமான பிள்ளை, கிழிந்த சப்பாத்தோடு வரும் பிள்ளை. இவர்களை நம் பிள்ளைகள் என்ன பெயர் சொல்லி அழைக்கின்றார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கின்றோமா?

சூரா அல்-ஹுஜுராத்தின் 11 ஆவது வசனம் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கின்றது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரைவிட மேலானவர்களாய் இருக்கக்கூடும் என எச்சரிக்கின்றது. அத்தோடு நில்லாமல், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தனியே எடுத்துத் தடைசெய்கின்றது. அபூதர் (ரழி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழிவாகப் பேசியபோது, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கின்றது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அபூதர் (ரழி) சாதாரணமானவரல்லர். தொடக்கத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற தோழர். அவருக்கே அந்தக் கண்டிப்பு.

ஹதீஸ் அறிவிப்பாளர்களுள் ‘அல்-அஃரஜ்’, அதாவது முடவர் என்றே அறியப்பட்டவர் இல்லையா என்று சிலர் கேட்பர். உண்டு. ஒருவரை வேறு விதமாக அடையாளம் காட்ட இயலாதபோது, இழிவுபடுத்தும் எண்ணமின்றி அவ்வாறு குறிப்பிடலாம் என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். இடைவேளையில் பத்துப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று ஒரு பிள்ளையை ‘நொண்டி’ என்று கூவுவதற்கு அது ஆதாரமாகாது. மாறாக, நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பியை, பெரியவர்களை அழைப்பது போல, ‘அபூ உமைர்’ என்று கண்ணியமாக அழைத்தார்கள். அச்சிறுவனின் குருவி இறந்தபோது அதைப் பற்றி அவனிடமே விசாரித்தார்கள். ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டும் முறை இதுவல்லவா?

நம் ஊர்களில் குடும்பத்துக்கு ஒரு பட்டம் இருக்கின்றது. திருமண வீட்டிலும் தேநீர்க் கடையிலும் அதைச் சொல்லிச் சிரிக்கின்றோம். அச்சிரிப்பைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கின்றது. மறுநாள் அதே பட்டம் தரம் இரண்டு வகுப்பில் ஒலிக்கின்றது. ஆசிரியரைக் குறை கூறுவதற்கு முன் நம் திண்ணையைக் கவனிப்பது நல்லது.

பிள்ளைகளைவிடப் பெரியவர்களே ஒதுக்கியதும் உண்டு. 2016 இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக வதந்தி பரவியது. அவனோடு ஒரே வகுப்பில் தம் பிள்ளைகளை இருத்தப் பெற்றோர்கள் மறுத்தனர். தொற்று இல்லை என்பது பரிசோதனையில் தெரிந்த பின்னரும் கதவுகள் திறக்கவில்லை. இறுதியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதித் தாக்குதல்களுக்குப் பின், யாரோ செய்த குற்றத்துக்காக நம் பிள்ளைகளும் சந்தேகப் பார்வையைச் சுமந்தனர். அந்த வலியை அறிந்த நாம், முஸ்லிம் பாடசாலையில் தனித்து அமர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளையைக் காணாதவர்போல் இருக்கலாமா?

துன்புறுத்தப்படும் சிறுபிள்ளை அதை வாய்விட்டுச் சொல்வது அரிது. ஞாயிறு இரவில் வயிற்றுவலி என்னும்; விடுமுறையில் அவ்வலி இராது. சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமல் திரும்பி வரும், அல்லது பிள்ளை கடும் பசியோடு வரும். கொப்பி கிழிந்திருக்கும். நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கும். இத்தகைய வேளையில் ‘நீயும் திருப்பி அடி’ என்று வாப்பா சொல்வதும், ‘நீ என்ன செய்தாய்?’ என்று உம்மா முதலில் கேட்பதும் பிள்ளையின் வாயை அடைத்துவிடும். அருகில் அமர்ந்து முழுவதையும் கேளுங்கள். எந்த நாள், எந்த இடம், யார் இருந்தார் என எழுதி வையுங்கள். மலசலகூடப் பக்கம், முச்சக்கரவண்டியின் பின்னாசனம், மத்ரஸாவுக்குப் போகும் ஒழுங்கை ஆகிய ஆசிரியர் கண் எட்டாத இடங்களை மறவாமல் விசாரியுங்கள். பின்னர் வகுப்பாசிரியரிடம் செல்லுங்கள். பயனில்லையாயின் அதிபரிடமும், அதன்பின் வலயக் கல்வி அலுவலகத்திடமும் செல்லுங்கள். அடி, அச்சுறுத்தல், தகாத தொடுகை என்றால் காத்திருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இளைஞர்களே! அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அது எவ்வாறு என்று தோழர்கள் வினவினர். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என விடையளித்தார்கள். பாடசாலை வாயிலில் தம்பி தங்கையரை அழைத்துவர நிற்பவர்கள் நீங்கள். சுற்றி நிற்பவர்களின் சிரிப்பே சிறு பிள்ளைகளின் கேலிக்கு ஊக்கமளிக்கின்றது. அங்கே நீங்கள் சிரிக்காமல், அழும் பிள்ளையின் உண்மைப் பெயரைச் சொல்லி அழைத்து, விளையாட்டில் சேர்த்துவிடலாம்.

உங்கள் பிள்ளையே மற்றவரைத் துன்புறுத்துகின்றது என்ற முறைப்பாடு வந்தால்? பெற்றோர் பெரும்பாலும் கோபங்கொள்வது அப்போதுதான். ‘என் பிள்ளை அப்படிச் செய்யாது’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அடித்துத் திருத்தவும் முயலாதீர்கள். வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் பிள்ளை மறுபடியும் படிக்கும். நடந்ததை அதன் வாயாலேயே கூறச் செய்யுங்கள். பின்னர் கையைப் பிடித்து அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அந்தப் பிள்ளையின் முழுப் பெயரையும் முதலில் நீங்களே சொல்லி அழையுங்கள்.