லாச்சப்பல் மெற்றோவும் செந்தெனியின் நிலக்கரியும்

லாச்சப்பலில் எமது கடைகளுக்கருகே இரும்புத் தூண்கள் மீது மெற்றோ இரைந்து செல்வதை நாள்தோறும் கேட்கின்றோம். மெற்றோவுக்கு மின்சாரம் வழங்கவென்றே 1906இல் செந்தெனியில், சென் நதிக்கரையில், அனல்மின் நிலையம் ஒன்று எழுந்தது. 1933இல் அதனருகே மேலும் பெரியதொன்று இயங்கத் தொடங்கியது. படகுகளில் வந்திறங்கிய நிலக்கரியே இவற்றின் இரை. சுற்றிலும் ஆலைகள், அவற்றில் உழைத்தோர் பிரெத்தாஞ் நாட்டுப்புறத்தார், இத்தாலியர், ஸ்பானியர், பின்னர் அல்ஜீரியர். எம்மைப் போன்றே ஊர்விட்டு வந்தோர்!

1981இல் உலை அணைந்தது. கட்டடத்தை இடிக்காது விட்டமை நன்று. 2012இல் அது திரைப்பட நகரமாகத் திறக்கப்பட்டது. 2024 ஒலிம்பிக்கின்போது அதன் பெருமண்டபத்தில் உலக வீரர்கள் உணவருந்தினர். கரி அள்ளியோரைப் பற்றிய பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை.