முதுகு வலித்தால் உடனே ஸ்கேனா?

புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களுக்குச் சாதாரண முதுகுவலி என்று ஒன்று கிடையாது. கடைசி கீமோ ஏறி, கரன்ட் வைத்து முடித்து, 'இனி மூன்று மாதம் கழித்து வாருங்கள்' என்று மருத்துவர் அனுப்பிவைத்த பிறகுதான் இந்தப் பயம் வீட்டுக்குள் வருகிறது. சிகிச்சை நடந்த மாதங்களில் வாரம்தோறும் யாராவது ஒருவர் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது அந்தக் கண்கள் இல்லை. இடுப்பில் ஒரு பிடிப்பு, தோளில் ஒரு குடைச்சல் என்றால் மற்றவர்கள் தைலம் தேய்த்துவிட்டுத் தூங்கப் போவார்கள். இவர்களுக்கு நடுச்சாமத்தில் ஒரே கேள்விதான்: திரும்ப வந்துவிட்டதா?

இந்தக் கேள்வியை நம் வீடுகளில் இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். ஒன்று, வாயே திறக்காமல் இருப்பது. "இப்பத்தான் எல்லாரும் கொஞ்சம் நிம்மதியா இருக்காங்க, இதைச் சொன்னா மறுபடியும் பயந்துருவாங்க" என்று மாதக்கணக்கில் வலியை விழுங்குகிற அம்மாக்கள் ஏராளம். இன்னொன்று, நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய் நிற்பது. நகையை அடகு வைத்தாவது ஒரு பெட் ஸ்கேன் பார்த்துவிட வேண்டும் என்கிற பதற்றம். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் பயம் நியாயமானது. ஆனால் எந்த வலிக்கு ஓட வேண்டும், எந்த வலியைச் சில நாள் கவனிக்கலாம் என்று பிரித்தறிய வழி இருக்கிறது. அதைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான்; சென்னையிலும் அதே நிலைதான். இதில் ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை இருந்து, மாதவிடாயும் நின்றுவிட்ட பெண்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மூன்றில் ஒரு மாத்திரையை 5 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல், தினமும் சாப்பிடச் சொல்வார்கள். சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்பிலும் தசையிலும் அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இந்த மாத்திரைகள் அந்த நொதியை முடக்குகின்றன. மிச்சம் மீதி இருக்கும் புற்றுச் செல்களுக்குத் தீனி கிடைக்காமல் போகிறது.

ஆனால் மூட்டுகளுக்கும் எலும்புகளுக்கும் அதே ஈஸ்ட்ரோஜன் தேவை. அதனால் மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ பலருக்கு வலி ஆரம்பிக்கிறது. காலையில் விரல்களை மடக்க முடியாது. கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகள் கல்லாகக் கனக்கும். கொஞ்சம் நடமாடினால் இளகிவிடும். பெரும்பாலும் இரண்டு கையிலும், இரண்டு முட்டியிலும் ஒன்றுபோல வரும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி வருகிறது. இது நோய் திரும்பியதற்கான அறிகுறியே கிடையாது. இதைச் சொல்லிவைக்காததால் நேரும் விபரீதம் என்னவென்றால், வலி தாங்காமல் பெண்கள் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், வீட்டில்கூடச் சொல்வதில்லை. நோய் திரும்பும் வாய்ப்பு அங்கேதான் கூடுகிறது. மூன்று மாத்திரைகளில் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. நரம்பு வலிக்குத் தரும் டுலோக்ஸிடின் சிலருக்கு உதவுகிறது. மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் இதில் எதுவுமே நடக்கும்.

அறுவை செய்த பக்கத்து வலி வேறு மாதிரி இருக்கும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது, மேற்கையின் உள்பக்கத் தோலுக்குப் போகும் ஒரு மெல்லிய நரம்பு அறுபடவோ இழுபடவோ நேர்கிறது. அதனால் எரிச்சல், சுரீர் என்று குத்தல், தொட்டால் மரத்த உணர்ச்சி எல்லாம் சேர்ந்து வரும். டென்மார்க்கில் மார்பக அறுவைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் 3,253 பெண்களிடம் கேட்டார்கள். அவர்களில் 47 விழுக்காட்டினர் இன்னும் வலி இருப்பதாகச் சொன்னதாக 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். இன்னும் சிலருக்கு அறுவை முடிந்த சில வாரங்களில் அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விறைத்து நிற்கும். கையைத் தூக்கினால் இழுக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது புற்று அல்ல. பிஸியோதெரபியில் படிப்படியாகச் சரியாகும்.

பேக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துகள் விரல் நுனிகளையும் பாதங்களையும் மதமதக்கச் செய்யும். சட்டைப் பொத்தான் போட வராது, கால் செருப்பு கழன்றது தெரியாது. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் காலைத் தினமும் பார்த்துக்கொள்வது அவசியம்.

சரி, அப்படியானால் கவலைப்பட வேண்டிய வலி எது? எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்கு ஒரு குணம் உண்டு. ஓரிடத்தில் ஆழமாக நின்று குடையும். படுத்து ஓய்வெடுத்தால் அடங்காது, இரவில் கூடும், தூக்கத்திலிருந்து எழுப்பும். போன வாரத்தை விட இந்த வாரம் அதிகம் என்று ஏறிக்கொண்டே போகும். தோட்ட வேலை செய்ததால் வந்த பிடிப்போ குனிந்து துணி துவைத்த வலியோ நாளாக ஆகக் குறையும். பக்கம் மாற்றிப் படுத்தால் தணியும். புதிதாக வந்த ஒரு வலி இரண்டு வாரம் ஆகியும் போகாவிட்டால், அல்லது அதற்குள்ளாகவே ஏறுமுகமாக இருந்தால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுவலிக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம்: ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் எலும்பு மெலிந்து, முதுகெலும்பின் ஒரு கட்டை தானே நசுங்கிப்போவது. இதற்கும் மருத்துவம் இருக்கிறது. டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும் முடியும்.

சிலவற்றுக்கு இரண்டு வாரம் என்ன, ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தால், இடுப்புக்குக் கீழே மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலோ அடைத்துக்கொண்டாலோ, தண்டுவடம் அழுத்தப்பட்டுக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே சிகிச்சை தொடங்கினால் நடையைக் காப்பாற்ற முடியும். தமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரு கால் மட்டும் ஆடுசதையில் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். அதோடு மூச்சும் வாங்கினால் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

இனி ஸ்கேனுக்கு வருவோம். வலியே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை உடம்பு முழுக்கப் படம் எடுத்துப் பார்த்துவிட்டால் பயமில்லாமல் இருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. இத்தாலியில் இதையே இரண்டு பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். முடிவுகள் 1994இல் வெளிவந்தன. ஒன்றில் 1,320 பெண்கள், இன்னொன்றில் 1,243 பெண்கள். எல்லோருமே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே போன்றவற்றை ஒழுங்காக எடுத்தார்கள். மறுபாதிக்கு மருத்துவர் கையால் பரிசோதிப்பதும் ஆண்டுக்கொரு மேமோகிராமும் மட்டும். ஏதாவது தொந்தரவு சொன்னால்தான் மற்ற சோதனைகள். இறந்தவர்களின் விகிதம் இரு பக்கத்திலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஸ்கேன் எடுத்தவர்களில் சிலருக்குப் பரவல் கொஞ்சம் முன்னதாகத் தெரிந்தது. அதனால் ஆயுள் கூடவில்லை.

அன்றைய கருவிகளும் மருந்துகளும் இன்று மாறிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் தொந்தரவு எதுவும் இல்லாத மார்பகப் புற்று நோயாளிக்கு வழக்கமான பெட் ஸ்கேனோ ரத்தத்தில் புற்றுக் குறியீட்டுச் சோதனையோ வேண்டாம் என்றே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் முதலான அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய காசநோயால் வீங்கிய நெறிக்கட்டிகூடப் பெட் ஸ்கேனில் புற்று போலவே பளிச்சென்று ஒளிரும். பிறகு ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்து, முடிவு வரும்வரை குடும்பமே சாப்பிடாமல் கிடக்கும். எல்லாப் புற்றுக்கும் இதே விதி என்று எண்ணிவிடக் கூடாது. பெருங்குடல் புற்றுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் சிஇஏ ரத்தச் சோதனையும் சிடி ஸ்கேனும் தேவைதான். உங்கள் நோய்க்கு எது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலிய ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. தனக்கு வலிக்கிறது என்று நோயாளி சொல்லும் சொல்லை எந்த இயந்திரமும் மிஞ்சவில்லை. ஆகவே அந்தச் சொல் தெளிவாக வர வேண்டும். எங்கே, எப்போது தொடங்கியது, எரிச்சலா குடைச்சலா, இரவில் எப்படி, எதனால் குறைகிறது என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதிக்கொண்டு போனால், மருத்துவர் முன் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகாது. கூட வருகிற மகனோ மகளோ "அம்மாவுக்கு எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்" என்று முந்திக்கொண்டு பதில் சொல்லாமல், அம்மாவைப் பேசவிட வேண்டும்.

வலிக்கு மருந்து ஓய்வு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அறுவை செய்த கையால் குடம் தூக்காதே, மாவாட்டாதே என்று தடுத்துவைக்கிறோம், கை வீங்கிவிடும் என்ற பயத்தில். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் 1996இல் அதைக் கேள்வி கேட்டார். மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 24 பெண்களைத் திரட்டி, நீண்ட டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். கைக்கு அதைவிடக் கடுமையான வேலை இல்லை. ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களைக் கொண்டு ஓர் ஆண்டு ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதியினர் அழுத்த உறை அணிந்து, வாரம் இரு முறை, மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென்று வீக்கம் மோசமாவது எடை தூக்கியவர்களிடம்தான் குறைவாக இருந்தது. முடிவு 2009இல் வெளியானது.

லெட்ரோசோல் வகை மாத்திரைகளின் மூட்டுவலிக்கும் இதுவே பொருந்துகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் மெலிண்டா இர்வின் குழு, இந்த வலியோடு இருந்த 121 பெண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் ஓர் ஆண்டு முழுக்க வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியும், இரண்டு நாள் எடைப் பயிற்சியும் செய்தார்கள். அவர்களுடைய உச்ச வலியின் அளவு 29 விழுக்காடு குறைந்தது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3 விழுக்காடு கூடியது. வலிக்கிற முட்டியோடு நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் முட்டியைச் சுற்றியுள்ள தசை வலுப்பெற்றால்தான் அதன் சுமை குறையும்.

உடற்பயிற்சி வலியைக் குறைப்பதோடு நிற்கிறதா என்ற கேள்விக்கு 2025இல் ஒரு பெரிய பதில் கிடைத்தது. அறுவையும் கீமோவும் முடித்த பெருங்குடல் புற்று நோயாளிகள் 889 பேர், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும். ஒரு பகுதியினருக்கு உடல்நலக் கையேடு மட்டும். மற்றவர்களுக்குக் கையேட்டோடு மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சியாளரின் துணை. இலக்கு, ஏற்கெனவே செய்வதற்கு மேலாக, வாரம் மூன்று நான்கு நாள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமான பயிற்சி. எட்டு ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90.3 விழுக்காடு, கையேட்டுக் குழுவில் 83.2 விழுக்காடு. ஒரு மருந்து இந்த அளவு பலன் தந்திருந்தால் பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தியாகியிருக்கும். தசை, மூட்டுத் தொந்தரவுகள் பயிற்சிக் குழுவில் 18.5 விழுக்காடு, மற்றவர்களிடம் 11.5 விழுக்காடு என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. நடக்கத் தொடங்கினால் சில புது வலிகள் வரும். அந்த வலிகளுக்கும் மேலே சொன்ன இரண்டு வார விதியே போதும்.

இத்தனை தெரிந்த பிறகும் பயம் முழுதாகப் போய்விடாது. செக்கப் நெருங்கும் வாரத்தில் தூக்கம் கெடுவது பலருக்கும் உண்டு. அது மனபலவீனம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஃபிலிஸ் புட்டோ குழுவினர் 222 பேரிடம் நடத்திய ஆய்வில், பயத்தோடு மல்லுக்கட்டாமல் கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்பப் பழக்கும் ஐந்து அமர்வுகளே நல்ல பலன் தந்தன. வெறும் தளர்வுப் பயிற்சியை விட அதில் பயம் அதிகம் குறைந்தது. புற்றுநோய் மருத்துவமனைகளில் மனநல ஆலோசகர் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

நாளைக் காலையே நடக்கத் தொடங்க நினைப்பவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். பாதம் மரத்திருந்தால் இருட்டில் வேண்டாம், மூடிய ஷூ போட்டுக்கொண்டு சமதரையில் நடக்க வேண்டும். டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் ஏறியவர்கள், படியேறும்போது மூச்சிரைத்தாலோ கால் வீங்கினாலோ இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். எலும்பில் நோய் இருப்பவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் எடை தூக்குவதற்கு முன் எந்த அசைவு கூடாது என்று மருத்துவரிடமோ பிஸியோதெரபிஸ்ட்டிடமோ கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.